வியட்நாம் மலைக் கிராமங்களில் ஒரு துணியின் வழியே

குன்னூரில் வசிக்கும் ஒரு தம்பதியர் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி தையற்கலை தெரிந்தவர். இருவரும் வியட்நாமுக்குப் பன்னிரண்டு நாள் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். கிராமங்களையும் கைத்தொழில்களையும் பார்ப்பதுதான் அவர்களுடைய விருப்பம். பயண முகவர் கொடுத்த திட்டத்தில் பட்டு, மட்பாண்டம், அரக்கு, காகிதம், ஓலைத் தொப்பி, ஊதுபத்தி என்று பத்துக் கைவினைக் கிராமங்கள் இடம்பெற்றிருக்கின்றன. இந்தத் திட்டம் சரிதானா, எந்த மாதம் போவது, கிராமத்து வீடுகளில் தங்க முடியுமா, அசல் கைவேலையை எப்படி அடையாளம் காண்பது, சைவ உணவு கிடைக்குமா, வாங்கிய துணியை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் கோத்தகிரியில் இருப்பவள். நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்களின் பூத்தையல், குறும்பர் ஓவியம், கோத்தர் பெண்கள் வனையும் மண்பானை ஆகியவற்றை அவர்களிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்யும் வேலையைப் பதினெட்டு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். நானும் என் கணவரும் வியட்நாமின் வடக்கு மலைநாட்டுக்கு இரண்டு முறை போய்வந்தோம். முதல் முறை நாங்களும் உங்களைப் போலவே நீண்ட ஊர்ப்பட்டியலோடு போனோம். இரண்டாம் முறை மூன்றே ஊர்களில் தங்கினோம். அந்த இரண்டாம் பயணத்தை வைத்துத்தான் இந்தப் பதிலைச் சொல்கிறேன்.

முகவர் தந்த பட்டியலைக் கீழே வையுங்கள். பத்துப் பொருள்களைப் பத்து ஊர்களில் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது வயலில் செடியாக நிற்பதிலிருந்து ஒரு பெண்ணின் உடம்பில் ஆடையாக ஏறுவது வரை பின்தொடர்ந்து போங்கள். உங்களில் ஒருவர் தையல் தெரிந்தவர் என்பதால் அந்தப் பொருள் துணியாகவே இருக்கட்டும் என்பேன். நார் ஓர் ஊரில், சாயம் இன்னோர் ஊரில், ஊசிவேலை மூன்றாவது ஊரில் என்று அமைத்துக்கொண்டால் பன்னிரண்டு நாள் சரியாகப் போதும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாளில் மூன்று கிராமங்கள் என்று வண்டியில் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் மூன்று விற்பனைக் கூடங்களைத்தான். வாசலில் ஒரு தறி இருக்கும். ஒரு பெண்மணி வருகிறவர்களுக்காக நாலு இழை நெய்து காட்டுவார். அதற்கப்புறம் கடைக்குள் அழைத்துப் போவார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் துணி உண்டாவதில் நெசவு என்பது கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் உரிப்பது, இடிப்பது, முறுக்குவது, சாம்பலில் வேகவைப்பது, அலசுவது என்று மாதக்கணக்கில் நடக்கும் வேலைகள் கொல்லைப்புறத்திலும் அடுப்படியிலும் ஓடைக்கரையிலும் நடப்பதால் நாற்பது நிமிடம் நிற்கும் வண்டியிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் அவை படுவதே இல்லை. ஊட்டியில் தோடர் சால்வையைக் கடையில் பார்த்துவிட்டு விலை அதிகம் என்று சொல்கிறவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தோடர் குடியிருப்பான ஒரு மந்தில் அரைநாள் உட்கார்ந்து, வரைந்த கோடு ஒன்றுகூட இல்லாமல் இழையை எண்ணி எண்ணி ஊசி போவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னதில்லை.

சமவெளியில் உள்ள ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹனோய் நகரத்தை ஒட்டிச் செந்நதிக் கரையில் இருக்கும் பாட் டிராங் மட்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற பழைய ஊர். இப்போது கடைகள் மிகுந்துவிட்டன. வான் ஃபுக் பட்டு ஊரும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு நாள் மிச்சம் இருந்தால் பாக் நின் பகுதியில் உள்ள டோங் ஹோ ஊருக்கு மட்டும் போய்வாருங்கள். அங்கே மர அச்சுகளைக் கொண்டு, மரப்பட்டையிலிருந்து எடுத்த காகிதத்தில் சிப்பித் தூளைப் பூசி, அதன்மேல் படம் அச்சிடுகிறார்கள். கருப்பு மூங்கில் இலைச் சாம்பலிலிருந்தும், நீலம் அவுரியின் சாயத்திலிருந்தும், சிவப்பு செந்நிறக் கூழாங்கல்லிலிருந்தும் வருகின்றன. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் குறும்பர்கள் வேங்கைப் பிசினையும் இலைச் சாற்றையும் வண்ணமாகக் கொண்டு வரைவதைப் பார்த்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வேலை சட்டென்று பிடிபடும்.

ஹனோயில் நீங்கள் தவறவிடக் கூடாத இடம் 1997-இல் திறக்கப்பட்ட இனவியல் அருங்காட்சியகம். அந்த நாடு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட இனங்கள் 54. அவர்களுடைய வீடுகளையும் ஆடைகளையும் கருவிகளையும் அங்கே பார்த்துவிட்டு மலை ஏறினால், வழியில் எதிர்ப்படும் பெண் எந்த இனத்தவர் என்பதை அவருடைய பாவாடை மடிப்பையும் தலைத்துணியையும் வைத்தே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். திங்கட்கிழமை அது திறந்திருக்காது என்பதை நினைவில் வையுங்கள். புறப்படுவதற்கு முன் நம் முத்தொரை பாலடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்கும் ஒரு முறை போய்வாருங்கள். நீலகிரியிலேயே ஆயுள் முழுவதும் இருந்தும் அதைப் பார்க்காதவர்கள் நம்மில் மிகப் பலர்.

இனி நார். ஹனோயிலிருந்து வடக்கே ஆறேழு மணி நேரம் சாலை வழியாகப் போனால் ஹா ஜியாங் நகரம் வரும். அங்கிருந்து குவான் பா கணவாயைத் தாண்டினால் லுங் தாம். மோங் இனப் பெண்கள் கூட்டுறவாக நாரெடுத்துத் துணி நெய்யும் ஊர் இது. ஒரு செய்தியை இங்கே சொல்லிவிட வேண்டும்: 2025 ஜூலை முதல் வியட்நாமில் மாகாணங்களை இணைத்துவிட்டார்கள். ஹா ஜியாங் இப்போது துயென் குவாங் மாகாணத்துக்குள் இருக்கிறது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களிலும் பேருந்துப் பலகைகளிலும் ஒரு பெயரும், புதிய வரைபடத்தில் வேறு பெயரும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அங்கே நார் தருவது கஞ்சாச் செடியின் நார்வகை. பெயரைக் கேட்டு நீங்கள் தயங்கலாம். ஆனால் மோங் மக்களுக்கு அது நமக்குப் பருத்தி எப்படியோ அப்படி. நெருக்கி விதைப்பதால் பக்கக் கிளை விடாமல் ஆள் உயரத்துக்கு மேல் நேராக வளர்கிறது. இரண்டரை மாதத்தில் அறுத்து, வெயிலில் காயவைத்து, தண்டிலிருந்து பட்டையைக் கையால் நாடா நாடாக உரிக்கிறார்கள். உரலில் இட்டு இடித்து மிருதுவாக்குகிறார்கள். அதன் பிறகு நார்முனைகளைப் பிளந்து ஒன்றோடொன்று முறுக்கி இணைக்கும் வேலை தொடங்குகிறது. முடிச்சுப் போடுவதில்லை; முடிச்சுப் போட்டால் தறியில் சிக்கும். இந்த இணைப்பு வேலைக்கென்று தனி நேரமும் அவர்கள் ஒதுக்குவதில்லை. சந்தைக்கு நடந்து போகும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் விரல்கள் பாட்டுக்கு முறுக்கிக்கொண்டே இருக்கும். இடுப்பில் செருகிய நார்க்கற்றை குறையக் குறையக் கையில் சுற்றிய கண்டு பெருத்துக்கொண்டு வரும். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண் மூன்று மணி நேர மலைநடையில் ஒரு முறைகூடக் கையைப் பார்க்காமல் ஒரு கண்டு முழுவதையும் சுற்றி முடித்ததை நான் பின்னால் நடந்தபடி பார்த்துக்கொண்டே வந்தேன்.

முறுக்கிய நாரைக் காலால் மிதிக்கும் சக்கரத்தில் நூற்கிறார்கள். ஒரே சமயத்தில் பல கதிர்கள் சுழலும். பிறகு சாம்பல் கரைத்த நீரில் பல முறை வேகவைத்து வெளுக்க வைக்கிறார்கள். நெய்து முடித்த துணியை மெருகேற்றும் முறையை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வழவழப்பான ஒரு மர உருளையைத் தரையில் போட்டு, அதன்மேல் துணியைப் பரப்பி, அதற்கும் மேலே ஒரு தட்டையான பாறைக்கல்லை வைத்து, அந்தக் கல்லின் மேல் ஒரு பெண் ஏறி நின்றுகொள்கிறார். இடக்கால், வலக்கால் என்று உடலின் எடையை மாற்றி மாற்றிச் சாய்க்கும்போது கல் ஊஞ்சல்போல் ஆடுகிறது. அடியில் உருளை உருண்டு துணியைத் தேய்க்கிறது. முரட்டு நாரால் ஆன துணிக்கு அந்த ஆட்டத்தில்தான் பளபளப்பு வருகிறது. என் கணவர் ஏறிப் பார்க்கட்டுமா என்று சைகையால் கேட்டார், ஏற்றிவிட்டார்கள். இரண்டு ஆட்டத்துக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த அம்மாவோ அரைமணி நேரமாக ஒரு கையில் பேரனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்தத் துணி அவர்களுக்கு வெறும் உடுப்பு மட்டுமாக இருந்ததில்லை. இறந்தவருக்கு இந்த நார்த்துணியை உடுத்தி அனுப்பினால்தான் முன்னோர்கள் தம்மவர் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பது மோங் மக்களின் நம்பிக்கை. தோடர்களும் இறந்தவரைப் பூத்தையல் போட்ட பூத்துக்குளி என்னும் சால்வையில்தான் போர்த்துகிறார்கள். இதை அங்கே தெரிந்துகொண்டபோது, ஒரு துணியை ஏன் இத்தனை பாடுபட்டுச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இரண்டு மலைகளிலும் ஒரே பதில் இருப்பதை உணர்ந்தேன். விற்பதற்கு முன்பே அதற்கு ஒரு தேவை இருந்திருக்கிறது.

லுங் தாமிலிருந்து சாபா பகுதிக்குப் போக ஒரு முழுப் பகல் ஆகும். சாபா ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டமும் குளிரும் உங்களுக்குப் புதிதாகத் தெரியாது. ஊரில் பல மாடி விடுதிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஊட்டியில் கோடைக்காலத்தில் எப்படி இருக்குமோ அப்படி. எனவே நகரத்தில் தங்காமல் கீழே முவாங் ஹோவா பள்ளத்தாக்கில் உள்ள தாவான் ஊரில் மூன்று இரவு தங்குங்கள். அங்கே ஸாய் இனத்தவர் வீடுகளில் தங்கும் வசதி இருக்கிறது. பக்கத்து லாவ் சாய் ஊரில் இருப்பவர்கள் கருப்பு மோங் என்று அழைக்கப்படுபவர்கள். அவர்களுடைய ஆடை அடர்ந்த நீலம், ஏறத்தாழக் கருப்பாகவே தெரியும் நீலம். இந்த நீலத்தைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நமக்கு நீலச்சாயம் என்றால் அவுரி நினைவுக்கு வரும். சாபாவின் மோங் பெண்கள் பயன்படுத்துவது அவுரி இல்லை. தாவரவியலில் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்று பெயர் பெற்ற பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடி அது. அதே பேரினத்தில்தான் நம் குறிஞ்சியும் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூத்து, 2018-இல் கடைசியாக இந்தச் சரிவுகளை நிறைத்து, நீலகிரி என்ற பெயருக்கே காரணம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்தக் குறிஞ்சியின் சகோதரச் செடி அங்கே இலையில் நீலத்தை வைத்திருக்கிறது. இங்கே பூவில் நீலம், அங்கே இலையில் நீலம். வீட்டின் பின்புறம் ஈரமான நிழலில் கொத்துக் கொத்தாக நின்ற அந்தச் செடியை முதலில் பார்த்தபோது, இலையின் நரம்பும் கணுவும் எங்கேயோ பார்த்தவை என்று தோன்றியது. பெயரைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

அந்த இலையையும் தண்டையும் வெட்டிப் பெரிய பீப்பாயில் தண்ணீரில் ஊறப்போட்டுச் சில நாள் அழுகவிடுகிறார்கள். நாற்றம் கடுமையாக இருக்கும். முகம் சுளிக்காமல் இருப்பது நல்லது. சக்கையை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பைச் சேர்த்து, அள்ளி அள்ளி ஊற்றி அடிக்கும்போது பச்சையாக இருந்த நுரை மெல்ல நீலமாகிறது. அடியில் படியும் சேற்றைப்போன்ற நீலக் களிதான் சாயம். அதைச் சாம்பல் நீரோடும் அரிசி மதுவோடும் கலந்து மிடாவில் வைத்துப் பல நாள் உயிரோடு காப்பாற்றுகிறார்கள். உயிரோடு என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். புளிக்கும் தோசை மாவைப்போல அது நொதித்துக்கொண்டிருக்க வேண்டும், அது நின்றுவிட்டால் சாயம் பிடிக்காது. ஒவ்வொரு காலையிலும் அந்த வீட்டு அம்மா மிடாவில் விரலை விட்டு எடுத்து, நிறத்தையும் வழுவழுப்பையும் பார்த்து, ஒரு கை சாம்பலா இன்னும் கொஞ்சம் மதுவா என்று முடிவு செய்வார்.

துணி மிடாவுக்குள்ளிருந்து வெளியே வரும்போது நீலமாக இருக்காது. மஞ்சள் கலந்த பச்சையாக, வாழைக்குருத்தின் நிறத்தில் வரும். காற்றுப் பட்டதும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விளிம்பிலிருந்து நீலம் ஏறத் தொடங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் சாயத்தோடு சேர்வதால் நிகழும் மாற்றம் அது. ஒரு முறை முக்கினால் வெளிறிய நீலம்தான் கிடைக்கும். முக்கிக் காயவைத்து மறுபடி முக்கி என்று வாரக்கணக்கில் செய்தால்தான் அந்தக் கருநீலம் வரும். சாயமிடுகிற பெண்களின் கைகள் முழங்கை வரைக்கும் நீலமாகவே இருக்கும்.

சாயமிடுவதற்கு முன்னால் துணியில் உருகிய தேன்மெழுகால் கோலம் வரைகிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மூங்கில் கைப்பிடியில் செம்புத் தகடு பொருத்திய சிறு எழுதுகோலைத் தணலில் உருகும் மெழுகில் தோய்த்து, அச்சும் அளவுகோலும் இல்லாமல், நகத்தால் மடிப்புக் கீறிக்கொண்டு நேர்கோடுகளை இழுக்கிறார்கள். பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் நீலத்தின் மேல் வெள்ளைக் கோலம் நிற்கும். கோத்தகிரியில் குறும்பர்கள் தேனோடு எடுத்துவரும் மெழுகில் ஒரு கட்டியைக் கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா அதை முகர்ந்து பார்த்து, சிறிது கிள்ளி வாயில் மென்று, தன்னுடைய மெழுகுச் சட்டியில் போட்டுக்கொண்டார். என்ன பூவின் தேன் என்று கேட்டதாக வழிகாட்டிப் பெண் சொன்னாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்றாவது ஊர் தா ஃபின். சாபாவிலிருந்து வண்டியில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இங்கே சிவப்புத் தலைத்துணி அணிந்த தாவோ இனப் பெண்களின் ஊசிவேலையைப் பாருங்கள். நீலத் துணியில் கோடு எதுவும் போடாமல், இழையை எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்து தைக்கிறார்கள். உருவம் முன்பக்கத்தில் விழுகிறது. தோடர் பெண்களும் பின்பக்கத்திலிருந்து இழையை எண்ணித் தைப்பவர்கள்தான். நான் கையில் வைத்திருந்த தோடர் பூத்தையல் துண்டை ஒரு தாவோ மூதாட்டியிடம் கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் சிவப்பையும் கருப்பையும் பார்த்து அழகு என்பார்கள். அவர் வாங்கிய உடனே துண்டைத் திருப்பினார். பின்பக்கத்து இழை போகும் வழியை நகத்தால் தொட்டுக்கொண்டே போய், இதழ் அசைய எண்ணினார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு அவரிடமும் திருப்பிக் காட்டினார். இருவரும் தமக்குள் பேசிக்கொண்டதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. நீங்களும் கையளவு தோடர் தையல் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. ஊட்டிக் கடைகளில் தொங்கும் இயந்திரத் தையலை வாங்கிவிடாமல் பார்த்து வாங்குங்கள்.

எந்த மாதம் என்று கேட்டால் செப்டம்பர் என்பேன். நார்ச்செடி அறுவடை முடிந்து உரிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும், சாய மிடாக்களில் வேலை இருக்கும், படிக்கட்டு வயல்களில் நெல் மஞ்சளாகியிருக்கும். ஆனால் அது மழை முற்றிலும் விட்டிராத காலம். 2024 செப்டம்பரில் யாகி புயலின் மழையில், சாபா இருக்கும் லாவ் காய் பகுதி நிலச்சரிவுகளால் பெருந்துயரத்தைச் சந்தித்தது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளை மறக்காத நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மலையேறாமல் ஹனோயிலேயே இருந்துவிடுங்கள். ஹா ஜியாங் பாதையில் பலர் இரு சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிய பழக்கம் இருந்தாலும் அங்கே அதைச் செய்யாதீர்கள். உள்ளூர் ஓட்டுநரோடு கார் வைத்துக்கொள்ளுங்கள். சாபாவிலிருந்து திரும்பும்போது லாவ் காயிலிருந்து ஹனோய்க்கு இரவு ரயில் இருக்கிறது. காலையில் நகரத்தில் இறங்கலாம்.

வீடுகளில் தங்குவது எளிது. படுக்கை தரையில் மெத்தையாக இருக்கும், கொசுவலை தருவார்கள், இரவுச் சாப்பாடு குடும்பத்தோடு சேர்ந்து. கடவுச்சீட்டைக் கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள். வீட்டு வாசலிலோ படலிலோ பச்சை இலைக்கொத்து கட்டியிருந்தால் உள்ளே சடங்கு நடக்கிறது, வெளியாள் வரக் கூடாது என்று பொருள். வழிகாட்டி கவனிக்காவிட்டாலும் நீங்கள் கவனித்து விலகிக்கொள்ளுங்கள். முன்னோர் மாடத்தின் எதிரே கால் நீட்டி உட்காராதீர்கள், அதைத் தொடாதீர்கள். இவை நமக்குக் கடினமான விதிகள் இல்லை.

புகைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலரை ஒரு மந்துக்கு அழைத்துப் போயிருந்தேன். திண்ணையில் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, கேட்காமலே, நால்வர் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. ஊசியைத் துணியில் குத்தி, துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழைத்துப் போனவள் நான் என்பதால் அந்தத் தவறு என்னுடையது. பிறகு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த மடித்து வைத்த துணி எனக்கு இன்றும் உறுத்துகிறது. வியட்நாமில் முதல் நாள் கேமராவை எடுக்காதீர்கள். இரண்டாம் நாள், பெயர் தெரிந்த பிறகு, கேளுங்கள். வேலையைக் கற்றுத்தரச் சொல்லி அரைநாள் உட்காரப் போகிறீர்கள் என்றால் அந்த நேரத்துக்குக் கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள். எதையும் வாங்காமல் எழுந்து வந்தாலும் யாருக்கும் மனக்குறை இருக்காது. பேரம் பேசாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், சந்தை என்றால் பேரம் உண்டு. ஆனால் செய்தவரிடமே வாங்கும்போது அடித்துப் பேசாதீர்கள். கைவளையும் சிறு பைகளும் விற்கும் குழந்தைகளிடம் மட்டும் வாங்கவே வேண்டாம். விற்பனை நன்றாக நடந்தால் அந்தக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் மனம் வராது.

அசலை அறிவது பழகினால் எளிது. மெழுகுக் கோலம் போட்ட துணியைத் திருப்பிப் பாருங்கள்: கைவேலையில் நீலம் துணியை ஊடுருவியிருப்பதால் இருபக்கமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருக்கும், ஆலையில் அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். கைக்கோடு சற்றே தடிமன் மாறும், மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மயிரிழை நீலம் ஓடியிருக்கும். ஈரக் கைக்குட்டையால் தேய்த்தால் புதிய இயற்கைச் சாயம் கொஞ்சம் ஒட்டும், அது குறையில்லை. நார்த்துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நாரை நாரோடு இணைத்த இடங்கள் சிறு தடிப்புகளாகத் தெரியும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மடிப்புப் பாவாடைகளில் பெரும்பகுதி ஆலையில் செய்த செயற்கை இழை; இப்போது மோங் பெண்களே அன்றாட உடுப்புக்கு அதைத்தான் அணிகிறார்கள். கழுவக் காயவைக்க எளிது என்பதால் அவர்கள் அணிவதில் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கைவேலை என்று நினைத்து அதற்கு விலை கொடுத்துவிடாதீர்கள். நார்த்துணியை நம் நாட்டுக்குக் கொண்டு வருவதில் சிக்கல் இல்லை; விதையையோ இலையையோ நினைவுப் பொருளாக எடுத்துவரும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

சைவ உணவுக்கு வியட்நாமிய மொழியில் சாய் என்பார்கள். நாம் குடிக்கும் சாயின் ஒலியேதான், சொன்னால் புரிந்துகொள்வார்கள். மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, பௌத்தர் பலர் புலால் உண்பதில்லை என்பதால் ஹனோயில் அந்தச் சொல் எல்லோருக்கும் பழக்கம். மலையில் காய்கறி என்றாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கவோ மீன் சாறு ஊற்றவோ வாய்ப்புண்டு. வழிகாட்டியைக் கொண்டு முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சோறு, கீரை, சோயாக் கட்டி, மூங்கில் குருத்து, முட்டை ஆகியவற்றுக்குக் குறைவிருக்காது. ஒரு சிறு பாட்டில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள். நுழைவு அனுமதியை இணையத்திலேயே பெற்றுவிடலாம். 2023 ஆகஸ்டிலிருந்து அது 90 நாள் வரை செல்லும், ஒரு முறை நுழையக் கட்டணம் 25 டாலர்.

வீட்டுக்குக் கொண்டுவந்த நீலத் துணியை முதல் சில முறை தனியாக, குளிர்ந்த நீரில், சோப்பு அதிகம் போடாமல் அலசுங்கள். நீர் நீலமாக ஓடும். நாலைந்து முறையில் குறைந்துவிடும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். நார்த்துணி உடம்பில் கிடக்கக் கிடக்கத்தான் மிருதுவாகும், எனவே எடுத்து உடுத்துங்கள்.